ஜனாஸாவைச் சுமந்தோம், கணக்கை யாரிடம் விட்டோம்?



2020, 2021-ஆம் ஆண்டுகளை மறந்திருக்க மாட்டீர்கள். பெற்ற பிள்ளையே தகப்பனின் உடலைத் தொட அஞ்சிய நாட்கள் அவை. அப்போது பாதுகாப்பு உடை அணிந்து ஆம்புலன்ஸில் ஏறியவர்களில் நம் இளைஞர்கள் முன்வரிசையில் நின்றார்கள். முஸ்லிமைக் கபரில் அடக்கினார்கள். இந்துச் சகோதரரின் உடலை அவர் குடும்பத்தார் விரும்பிய முறைப்படி மயானத்தில் சேர்த்தார்கள். தமிழகமே அதைப் பார்த்தது. அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் அதே 2020-ல் நடந்த இன்னொன்றையும் மறந்துவிட முடியுமா? மார்ச் இறுதியில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸ் செய்தி வெளியானதும் நோயையே நம் தலையில் கட்டினார்கள். தினமும் மாலையில் எண்ணிக்கை வாசித்தார்கள். இன்று இத்தனை பேர்; அதில் டெல்லி போய் வந்தவர்கள் இத்தனை பேர்! 'கொரோனா ஜிஹாத்' என்று ஊடகங்கள் கூவின. வட மாநிலங்களில் காய்கறி விற்ற ஏழை முஸ்லிமின் தள்ளுவண்டியைத் தெருவுக்குள் விட மறுத்தார்கள்.

நாம் என்ன செய்தோம்? கண்டன அறிக்கை விட்டோம். குமுறினோம். கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "யாரை எல்லாம் பரிசோதித்தீர்கள்?"

பரிசோதனைக் கருவிகளுக்குத் தட்டுப்பாடு இருந்த நேரம் அது. ஒரு கூட்டத்தாரை வீடு வீடாகத் தேடிப் பரிசோதித்து, மற்றவர்களை அவ்வாறு பரிசோதிக்காவிட்டால், எண்ணிக்கை அந்தக் கூட்டத்தில்தான் ஏறும். வரவை மட்டும் காட்டிச் செலவை மறைத்த பேரேட்டை எந்த வியாபாரியாவது ஒப்புக்கொள்வாரா? இதைச் சில விஞ்ஞானிகள் எடுத்துச் சொன்னார்கள். நம் மேடைகளில் அதைப் புள்ளிவிவரத்தோடு பேச எத்தனை பேர் இருந்தார்கள்?

2020 ஆகஸ்டில்தான் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தினர் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கருத வேண்டியிருக்கிறது என்று கூறி அவர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்தது. நீதி வந்தது, ஐந்து மாதம் கழித்து! அதற்குள் விழுந்த பழியை யார் துடைப்பது?

கடல் கடந்தும் இதே பாடம்

இலங்கையைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று அரசு சட்டம் போட்டது. புதைத்தால் நிலத்தடி நீர் வழியே கிருமி பரவுமாம்! அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் கேட்கவில்லை. அந்த டிசம்பரில் பிறந்து 20 நாளே ஆன முஸ்லிம் குழந்தையை, பெற்றோர் மறுத்தும் எரித்தார்கள். அந்தத் தாயின் வயிறு எப்படி எரிந்திருக்கும்!

அப்போது, அடக்கம் செய்வதால் நோய் பரவும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று எடுத்துரைத்தது யார்? அந்நாட்டின் சமுதாய மருத்துவ நிபுணர்களின் அமைப்பு. அதாவது பொது சுகாதாரம் படித்தவர்கள்! அவர்கள் ஒரு மதத்துக்காகப் பேசவில்லை, அறிவியலுக்காகப் பேசினார்கள். போராட்டங்களும் உலக நாடுகளின் நெருக்குதலும் சேர்ந்து 2021 பிப்ரவரியில் தடை நீங்கியது. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. தெருவில் எழுப்பும் கோஷத்துக்கு, படித்தவனின் அறிக்கை முதுகெலும்பாக நிற்க வேண்டும். இதுதான் பாடம்.

உமர் (ரலி) திரும்பிய பாதை

"நோயும் மவுத்தும் அல்லாஹ்வின் கையில், இதைப் படித்து என்ன ஆகப் போகிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டு ஸர்ஃக் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. ஆலோசனை கலந்தார்கள், படையோடு திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, அவன் விதியிலிருந்து அவன் விதியின் பக்கமே போகிறோம் என்று விடை சொன்னார்கள். நோய் பரவிய ஊருக்குள் போகாதே, அங்கே இருந்தால் வெளியேறாதே என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அங்கே எடுத்துச் சொன்னார்கள். இந்தச் சமுதாயத்துக்கா பொது சுகாதாரம் அந்நியக் கல்வி?

வியாபாரப் பெருமக்களே!

உங்கள் பிள்ளையை டாக்டராக்கத் துடிக்கிறீர்கள். இடம் கிடைக்காவிட்டால் லட்சங்களைக் கொட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறீர்கள். அதுவும் முடியாவிட்டால் கடையில் உட்கார வைக்கிறீர்கள், அல்லது துபாய்க்கு விசா எடுக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவே பாதையே இல்லையா? டாக்டர் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். பொது சுகாதாரம் படித்தவர் ஊரையே பார்க்கிறார்: குடிநீரை, சாக்கடையை, தடுப்பூசியை, உணவை, தொழிற்கூடத்தின் காற்றை.

இது உங்கள் கல்லாவையும் தொடும் விஷயம். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தோல் பதனிடும் ஆலைகளுக்கு அபராதம் விதித்ததை ஆம்பூரும் வாணியம்பாடியும் மறக்காது. ஆலை முதலாளிகளில் நம்மவர்கள் பலர். பாலாற்றங்கரையில் கெட்ட தண்ணீரைக் குடித்தவர்களிலும் நம்மவர்கள் பலர்! கோர்ட் சொல்லும் முன்பே நம்மில் ஒருவர் அந்த நீரைச் சோதித்து எச்சரித்திருக்கக் கூடாதா?

2022-ல் கேரளத்தின் செறுவத்தூரிலும் 2023-ல் நாமக்கல்லிலும் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவிகள் உயிரிழந்தார்கள். அதன்பின் அந்தத் தொழில் செய்த எல்லோரும் சந்தேகப் பார்வைக்கு ஆளானார்கள். ஹலால் என்று பலகை மாட்டினால் போதுமா? ஹலாலோடு 'தய்யிப்' என்பதையும் சேர்த்தல்லவா குர்ஆன் சொல்கிறது! மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் உம்மாக்கள் நாள் முழுக்கப் புகையிலைத் தூளைச் சுவாசிக்கிறார்கள். அவர்களின் இருமலைக் கணக்கெடுக்க நம் வீட்டுப் பெண்பிள்ளையை விடப் பொருத்தமானவர் யார்? உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்தை நம் மக்கள் சந்தேகித்தபோது, அலிகர், ஜாமியா மில்லியா, ஜாமியா ஹம்தர்த் பல்கலைக்கழகங்களும் இமாம்களும் வாசல் வாசலாக விளக்கியதும் கதவுகள் திறந்தன. 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் எந்தக் குழந்தையும் முடமாகவில்லை.

தம்பி, தங்கையே!

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். நம் நாட்டில் இளநிலையில் பொது சுகாதாரத்துக்கெனத் தனிப் பட்டம் தரும் கல்லூரிகள் மிகக் குறைவு. புதுப்பெயர் சூட்டிய படிப்பைக் கண்டு ஏமாறாதீர்கள். அங்கீகாரத்தை விசாரித்த பிறகே கட்டணம் கட்டுங்கள். ஆனால் வாசல் பல. புள்ளியியல், நுண்ணுயிரியல், நர்சிங், சமூகப்பணி என ஏதேனும் ஒன்றில் பட்டம் பெற்று, எம்.பி.எச். எனும் முதுநிலைப் படிப்புக்குப் போகலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் மும்பை டாடா சமூக அறிவியல் கழகமும் இதைக் கற்பிக்கின்றன. டாக்டர் அல்லாதவர்களுக்கும் அங்கே இடமுண்டு. நுண்ணுயிரியல் பட்டதாரி உணவுப் பாதுகாப்பு அலுவலர் தேர்வும் எழுதலாம்.

2003-ல் அமெரிக்காவின் மருத்துவக் கழகமே, எல்லா இளநிலை மாணவர்களுக்கும் பொது சுகாதாரம் கற்கும் வாய்ப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. இந்தியாவில் 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் கண்ட முன்னோடி மாகாணம் நம் சென்னை மாகாணம். இதற்கெனத் தனி இயக்குநரகமே இங்கே இருக்கிறது. 2007-ல் போராடிப் பெற்ற 3.5 சதவீத உள் ஒதுக்கீடு எம்.பி.பி.எஸ். சீட்டுக்கு மட்டும்தானா?

ஜமாஅத் தலைவர்களே! ஆம்புலன்ஸ் வாங்குகிறோம், இரத்ததானம் செய்கிறோம். ஜஸாகல்லாஹு கைரா! ஆனால் அவை எல்லாம் ஆபத்து வந்த பிறகு ஓடும் ஓட்டம். ஒவ்வொரு ஊர் ஜமாஅத்தும் ஆண்டுக்கு ஒரு மாணவனை, ஒரு மாணவியை இந்தத் துறைக்கு அனுப்பட்டும். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு பைத்துல்மால் கைகொடுக்கட்டும்.

அடுத்த கொள்ளைநோய் வரும்போது, எண்ணிக்கை வாசிக்கும் மேசையில் நம் பிள்ளையும் அமர்ந்திருக்க வேண்டும். நமக்குச் சாதகமாகக் கணக்கெழுத அல்ல. எவருக்கும் அநீதி இழைக்காத, எல்லோர் உயிரையும் காக்கும் நேர்மையான கணக்கை எழுத!

சிந்திப்போம். இந்தக் கல்வியாண்டிலேயே செயல்படுவோம், இன்ஷா அல்லாஹ்!