நானா?

நந்தனத்தில், செனடாஃப் சாலையை ஒட்டிய ஒரு வீட்டு மொட்டைமாடியில் கூடியிருக்கும் முன்னாள் படைவீரர்களும் அவர்கள் மனைவிமாரும் பிள்ளைகளுமாகிய நாங்கள் இன்று இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். பெயர் இன்னும் வைக்கவில்லை. மருத்துவக் காகிதங்களைப் படிக்கும் வேலை அதற்கு முந்தியது.

படையில் சேர்ந்த அன்று தலைமுதல் கால்வரை சோதித்து ‘ஷேப் ஒன்’ என்று எழுதினார்கள். அந்த ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து மனநலத்தைக் குறிப்பது. மனம் சரியாக இருக்கிறது என்று அவர்களே கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டார்கள். பல ஆண்டுகள் கழித்து மனச்சோர்வோடு வீட்டுக்கு அனுப்பும்போது மெடிக்கல் போர்டின் தாளில் வேறு வாசகம்: பணியால் வந்ததும் அல்ல, பணியால் முற்றியதும் அல்ல. இதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘நானா’. தமிழ்க் காதில் அது கேள்வியாக விழுகிறது. விடியும்வரை கூரையைப் பார்த்துக் கிடப்பவர் ஏற்கெனவே தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார்; நோயின் குணமே அது. அவர் கையில் முத்திரை குத்தி அந்தச் சொல்லையே கொடுக்கிறார்கள். நானா? நானா காரணம்?

இல்லை. இதைச் சொல்லத்தான் கூடியிருக்கிறோம்.

சட்டமும் இதைத்தான் சொல்லியிருக்கிறது. சிக்னல்ஸ் பிரிவுச் சிப்பாய் தரம்வீர் சிங்குக்கு வந்தது வலிப்பு. ஒன்பது ஆண்டுப் பணிக்குப் பின், உடல்வாகிலேயே உள்ள நோய் என்று அனுப்பிவிட்டார்கள். சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால் அவர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையதல்ல, ஐயத்தின் பலன் அவருக்கே என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மனச்சிதைவு என்று வெளியேற்றப்பட்ட ராஜுமோன் வழக்கில் 2025-ல், காரணம் எழுதாத போர்டு அறிக்கையை வைத்து ஓய்வூதியத்தை மறுக்க முடியாது என்றது.

ஆனாலும் மறுக்கிறார்கள். போர்முனை, கிளர்ச்சி ஒடுக்கும் பணி, உயர்மலை போன்ற இடங்களில் வெளிப்படும் மனநோயையே பெரும்பாலும் ராணுவ மருத்துவர்களின் வழிகாட்டி நூல் பணியோடு சேர்க்கிறது. மனச்சோர்வு இடம் பார்த்து வருவதில்லை. பனியில் விழித்து நின்ற காலமெல்லாம் யூனிட்டின் வேலை அவரைத் தாங்கிப் பிடித்திருக்கும். போர்ச்சூழல் இல்லாத பீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, குவார்ட்டர்ஸ் கிடைத்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பிறகு ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன் அப்படியே உட்கார்ந்திருப்பார். எங்களில் பலர் வீட்டில் இப்படித்தான் தொடங்கியது. மஞ்சள் காமாலை கண்ணில் தெரிவதால் கண்ணில் பிறந்தது என்று யாரும் சொல்வதில்லை.

பொதுவாகக் குறைபாடு 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்து, பணித் தொடர்பும் ஏற்கப்பட்டால்தான் டிசபிலிட்டி பென்ஷன். போர்டு எழுதும் அந்த ஒரு வரியில் ஒரு வீட்டின் அரிசியும் மருந்தும் இருக்கின்றன. நடக்கும் தூரத்தில், தேனாம்பேட்டையில் பாதுகாப்புக் கணக்கு அலுவலகம் இருக்கிறது. பென்ஷன் ஆணையோ பிரயாக்ராஜிலிருந்து வர வேண்டும். அங்கே இருப்பவருக்கு எங்கள் ஆள் ஒரு கோப்பு எண்.

ஒவ்வொரு போர்டும் காரணத்தை விரிவாக எழுத வேண்டும் என்று கேட்கிறோம். நோய் தெரிந்த ஊரை மட்டும் பாராமல் முந்தைய எல்லாப் போஸ்டிங்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். மனைவியை உட்காரவைத்துக் கேட்க வேண்டும். இதுவரை எங்களில் ஒருத்தியையும் யாரும் கேட்கவில்லை.

இந்த ஓய்வூதியத்துக்கான விதிகள் 1982-க்குப் பிறகு 2008-லும் 2023-லும் மாற்றி எழுதப்பட்டிருக்கின்றன. எந்தத் தேதியில் வெளியே வந்தாரோ அதற்குரிய விதியைப் பார்த்தே மேல்முறையீடு எழுதுவோம். அதுவும் மறுக்கப்பட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போவோம். இன்றிரவே தாங்க முடியாதவர்கள் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள், தமிழில் பேசலாம்.

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு இதே மாடியில் இருப்போம். சேர்ந்தபோது எடுத்த மருத்துவத் தாள், போஸ்டிங் விவரம், போர்டு அறிக்கை, பழைய கடிதங்கள் இருந்தால் அவையும் கொண்டுவாருங்கள். கட்டணம் கிடையாது. வெளியே வர மனமில்லாதவர் வீட்டுக்கு நாங்களே வருவோம். எந்த லீவில் அவர் பேச்சு குறைந்தது, எந்த மாதம் தூக்கம் போனது என்று அவர் மனைவியான அக்கா சொல்லச் சொல்ல எழுதி, அந்த அக்காவின் கையெழுத்தோடு மனுவில் இணைப்போம்.