மனிதனா, எடைக்கல்லா?



"ஓட்டியவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்." ஆலைக்குள் ஃபோர்க்லிப்ட் கவிழ்ந்து ஒரு தொழிலாளி மடிந்த மறுநாள், நாளேட்டின் மூலையில் இந்த ஒரு வரியை எத்தனை முறை படித்திருப்பீர்கள்! மாண்டவன் எழுந்துவந்து மறுப்பானோ? மாட்டான் என்பது எழுதியவருக்கும் தெரியும். எழுதச் சொன்னவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அந்த வண்டியைச் சற்றே உற்று நோக்குங்கள். முன்னே இரண்டு இரும்புக் கரங்கள். பின்னே கனத்த வார்ப்பிரும்புப் பாளம். இடையே முன்சக்கரங்கள்தாம் தராசின் முள். தகட்டில் இரண்டு டன் என்று பொறித்திருக்கிறதே, அது எந்தச் சுமைக்கும் பொருந்துமா? பொருந்தாது. பெரும்பாலும், சுமையின் நடுவிடம் கரங்களின் அடியிலிருந்து 500 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் அந்தக் கணக்கு. பெட்டி நீண்டால் வண்டியின் வலிமை குறையும். உயரத் தூக்கினால் இன்னும் குறையும். ஓட்டுபவர் இதை அறிவார். மேற்பார்வையாளர் அறிந்ததோ லாரி புறப்படும் நேரம் மட்டுமே!

"பின்சக்கரம் எழும்புகிறது, ஐயா" என்கிறார் ஓட்டுபவர். சுமையைக் குறை என்றா விடை வருகிறது? "இரண்டு பேர் பின்னால் ஏறி நில்லுங்கள்!"

என்னே கொடுமை! இரும்புக்கு ஈடாக மனிதனை வைத்து நிறுக்கிறார்கள். இரும்புப் பாளம் வாங்கினால் அதற்கு விலை உண்டு, கணக்கு உண்டு. ஏறி நிற்கும் ஒப்பந்தக் கூலிக்கு வருகைப் பதிவேட்டில் பெயரேனும் உண்டா? வண்டி சாய்ந்தால் முதலில் நசுங்குபவர் அவர். வழக்கில் சிக்குபவர் ஓட்டியவர். ஆணையிட்ட வாய் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

சட்டம் இல்லாமலா போயிற்று? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, கிரேன், வின்ச் முதலிய பாரந்தூக்கிகளில் ஏற்றத்தக்க எடையைத் தெளிவாகப் பொறிக்கச் சொன்னது. அதற்குமேல் ஏற்றலாகாது என்றது. 12 மாதத்திற்கு ஒருமுறையேனும் தகுதியுடையவர் சோதிக்கவேண்டும் என்றது. நல்ல சட்டந்தான், ஏட்டில்! அந்த ஏடும் இன்று மாறிவிட்டது. 2025 நவம்பர் 21 அன்று 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தில் வந்து அமர்ந்தது. மின்விசையோடு 10 பேர் உழைத்தாலே தொழிற்சாலை என்றிருந்த எல்லை, 20 பேர் என்றாயிற்று. பன்னிரண்டு பேர் உழைக்கும் பட்டறையில் தொங்கும் சங்கிலி, இந்த எண்ணிக்கையைக் கேட்டுத் தேயாமல் நின்றுவிடுமோ?

சங்கத் தோழர்களே, அடுத்த முறை "கவனக்குறைவு" என்ற சொல் வந்தால் ஆலை வாயிலில் நின்று கேளுங்கள். தகட்டில் இருந்த எடை என்ன? அன்று ஏற்றிய எடை என்ன? ஏற்றச் சொன்னவர் யார்? ஓட்டியவருக்குப் பயிற்சி தந்தது எந்நாள்? விடை வரும்வரை விசாரணைத் தாளில் கையொப்பமிடாதீர்கள்!