சந்தையில் குவியும் சியாக்காப். முகத்துவாரத்தில் எவ்வளவு மிச்சம்?

சியாக்காப் மீனுக்கு இன்று பஞ்சம் இருப்பதாக யாரும் சொல்ல முடியாது. பாசாரில் ஐஸ்கட்டி மேல் ஒரே அளவில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கட்டணக் குளங்களில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டி உட்கார்ந்தால், பிள்ளைகள்கூட ஒன்றிரண்டு பிடித்துவிடலாம்.

ஆனால் கோலா சிலாங்கூர், புலாவ் கேரி, பாகான் டத்தோ பக்கம் ஆற்றுமுகத்தில் தூண்டில் போடும் மூத்தவர்களைக் கேட்டால், "முன்னே மாதிரி இல்லை" என்பதுதான் பொதுவான பேச்சு. இந்த இரண்டுமே உண்மையாக இருக்கலாம். குளத்திலும் பாசாரிலும் இருப்பது பெரும்பாலும் வளர்ப்பு மீன். 1970-களில் தாய்லாந்தில் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்கும் தொழில்நுட்பம் கைகூடிய பிறகு, மிதவைக் கூண்டுகளிலும் குளங்களிலும் சியாக்காப் வளர்ப்பு இந்த வட்டாரம் முழுவதும் பரவியது. தட்டில் மீன் நிறைந்திருப்பதால் ஆற்றில் குறைவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

தமிழில் கொடுவா எனப்படும் இந்த மீனின் வாழ்க்கை விசித்திரமானது. பெரும்பாலான கொடுவாக்கள் முதலில் ஆணாகவே முதிர்ச்சி அடைகின்றன. சில ஆண்டுகள் கழித்து, ஏறக்குறைய 80 முதல் 100 சென்டிமீட்டர் வரை வளர்ந்த பிறகே பெண்ணாக மாறுகின்றன. ஒரு பெரிய பெண் மீன் பல லட்சக்கணக்கில் முட்டையிடும். அப்படியென்றால், தூண்டில்காரர் தோளில் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பெரிய மீன் அநேகமாகத் தாய் மீன். சின்னதை விட்டுவிட்டுப் பெரியதை எடுப்பதுதான் நியாயம் என்று நம் ஆட்கள் நினைப்பது இந்த மீன் விஷயத்தில் பாதிதான் சரி.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே மீனுக்குக் கீழளவும் உண்டு, மேலளவும் உண்டு. பொதுவாக 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் 120-ஐத் தாண்டியதையும் திரும்ப விட்டுவிட வேண்டும். கிழக்குக் கரையில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரை முட்டையிடும் காலத் தடையும் இருக்கிறது.

தூண்டில்காரர்கள் மீது மட்டும் பழி போடுவதும் சரியல்ல. உப்புநீர் கலக்கும் முகத்துவாரத்தில் முட்டையிடும் இந்த மீனின் குஞ்சுகள், சதுப்புநிலக் காட்டு ஓடைகளிலும் ஆற்றின் மேல்பக்கமும் வளர்கின்றன. காட்டை வெட்டி இறால் குளம் தோண்டினாலும், ஓடைக்கு மதகு கட்டினாலும் குஞ்சுக்குப் போக்கிடம் இல்லை. பேராக்கின் மாத்தாங் காடு 1902 முதல் முறைப்படி நிர்வகிக்கப்பட்டு, இன்றும் சுமார் 40,000 ஹெக்டராக நிற்கிறது. எல்லா முகத்துவாரத்துக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. புலாவ் கேரியில் துறைமுகத் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது.

செம்பனை ஆலைக் கழிவு ஆற்றில் கலந்த காலத்தைத் தோட்டப்புறத்து மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1977-இல் வந்த விதிமுறைகள் அதைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தின. சட்டம் போட்டால் ஆறு ஓரளவு தேறும் என்பதற்கு அது நம் கண்முன் நடந்த சாட்சி.

கணக்குதான் பெரிய ஓட்டை. மீன்வளத் துறையின் ஆண்டுப் புள்ளிவிவரம் மீனவர்களின் பிடிப்பையும் வளர்ப்பு உற்பத்தியையும் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை தூண்டில்காரரின் ஐஸ் பெட்டிக்குள் போவது அதில் தனிக் கணக்காக வருவதில்லை. பாலத்தடியில் ஒரு குழம்புக்கு மீன் பிடிப்பவரும், படகு வாடகைக்கு எடுத்துப் போகும் நகரவாசியும் எத்தனை கிலோ எடுக்கிறார்கள் என்பது தெரியாமல், முப்பது ஆண்டுப் போக்கை எப்படிச் சொல்வது? கூண்டு உடைந்து வளர்ப்பு மீன் ஆற்றில் கலந்துவிட்டால் குழப்பம் இன்னும் கூடும்.

குயின்ஸ்லாந்தில் தன்னார்வத் தூண்டில்காரர்களே பிடித்த மீனுக்கு அடையாளச் சீட்டு குத்தி, நீளத்தையும் இடத்தையும் எழுதிவிட்டுத் திரும்ப விடுகிறார்கள். இங்கேயும் முகத்துவாரத் தூண்டில் போட்டிகளில் ஒவ்வொரு மீனையும் தராசில் வைத்து எடை எழுதத்தான் செய்கிறார்கள். பரிசு கொடுத்து முடிந்ததும் அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் இருந்தாலே, அடுத்த பத்து ஆண்டுக்குக் கைவசம் ஒரு கணக்கு இருக்கும்.