மேலே போனால் மட்டும் பாஸ் இல்லை: ஹை-பவர் மாடல் ராக்கெட் எப்படிப் பறக்கிறது, எப்படித் திரும்புகிறது?

அமெரிக்காவில் ஹை-பவர் மாடல் ராக்கெட் விட ஆசைப்படுபவர் முதலில் லெவல் 1 சான்றிதழ் வாங்க வேண்டும். சொந்தமாக ஒரு ராக்கெட்டைக் கட்டி, எச் அல்லது ஐ வகை மோட்டார் போட்டு, ஏற்கெனவே சான்றிதழ் பெற்றவர் முன்னிலையில் பறக்கவிட்டுக் காட்ட வேண்டும். ராக்கெட் அம்பு மாதிரி நேராகப் போகலாம், சுத்தி நிற்பவர்கள் கைதட்டலாம். ஆனால், பாராசூட் விரியாமல் வந்து மண்ணில் குத்தினால் ஃபெயில். பாராசூட் விரிந்தும், இறங்கும்போது வால் உடைந்து மறுபடி பறக்க முடியாத நிலையில் கிடைத்தாலும் ஃபெயில். மோட்டாரை மட்டும் மாற்றினால் இன்னொரு தடவை விடலாம் என்ற நிலையில் கொண்டுவந்து காட்டினால்தான் பாஸ்.

நம்ம ஊர் தீபாவளி ராக்கெட்டுக்கும் இதற்கும் உள்ள முக்கிய வித்தியாசமே இதுதான். பாட்டிலில் வைத்துப் பத்த வைக்கும் ராக்கெட் எந்த வீட்டு மாடியில் விழும் என்று யாரும் கேட்பதில்லை. ஹை-பவர் ராக்கெட்டில் முதல் கேள்வியே அதுதான்.

எது ஹை-பவர்?

மாடல் ராக்கெட் மோட்டார்களை ஆங்கில எழுத்துகளால் வகைப்படுத்துகிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் மொத்த உந்துதல் இரட்டிப்பாகும். ஏ மோட்டாரின் உச்ச வரம்பு 2.5 நியூட்டன்-நொடி. பி என்றால் 5, சி என்றால் 10. சதுரங்கக் கட்டத்தில் நெல்மணி வைத்த கதைதான். எச்-க்கு வரும்போது 320 ஆகிவிடும், அதாவது ஏ-யைப்போல 128 மடங்கு. எச்-லிருந்து மேலே உள்ளதெல்லாம் ஹை-பவர். லெவல் 1-ல் எச், ஐ. எழுத்துத் தேர்வும் சேர்ந்த லெவல் 2-ல் ஜே, கே, எல். லெவல் 3-ல் எம், என், ஓ. பள்ளிப் பிள்ளைகள் ஏ, பி, சி-யோடு விளையாடலாம். எச் மோட்டாரைத் தனியாக வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

கிட்டைப் பிரித்தால்...

முதல் தடவை பார்ப்பவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். கெட்டியான அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, பிளைவுட்டில் வெட்டிய ஃபின்கள், மோட்டாரைச் செருகச் சின்னக் குழாய், அதை நடுவில் பிடித்து நிறுத்தும் மர வளையங்கள், நீளமான நாடா, நைலான் பாராசூட். 'இதுவா ஆயிரம் அடி போகும்?' என்று கேட்கத் தோன்றும். போகும், ஒட்டுவதை ஒழுங்காக ஒட்டினால்.

ஃபின்னை வெளிக்குழாயின் மேலேயே ஒட்டிவிடக் கூடாது. குழாயில் கீறிய துவாரம் வழியே உள்ளே செலுத்தி, மோட்டார் குழாயோடு சேர்த்து எபாக்ஸி பசையால் பிடிக்க வேண்டும். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். பசை காயும்வரை ஃபின் சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டால் அதன் பலன் பறக்கும்போதுதான் தெரியும். ஃபின் ஒன்று பிய்ந்தால் அடுத்த நொடியே ராக்கெட் கரணம் அடித்துச் சிதறும்.

நேராகப் பறப்பதற்கு இன்னொரு கணக்கு உண்டு. ராக்கெட்டின் எடை சமமாகும் புள்ளி ஈர்ப்பு மையம். காற்றின் அழுத்தம் மொத்தமாக வேலை செய்யும் புள்ளி அழுத்த மையம். ஈர்ப்பு மையம் குறைந்தது ஒரு குழாய் விட்டம் அளவுக்காவது முன்னால் இருக்க வேண்டும். தீபாவளி ராக்கெட்டில் நீளக் குச்சி செய்யும் வேலையை இங்கே ஃபின்கள் செய்கின்றன. பெரிய மோட்டார் போட்டால் பின்பக்கம் கனம் கூடி, ஈர்ப்பு மையம் பின்னால் நகர்ந்துவிடும். அதைச் சரிக்கட்ட மூக்குக்குள் எடை சேர்ப்பார்கள். கிட் வாங்கியவர் பெயின்ட் அடித்தாலும் கணக்கு மாறும் என்பதால், கட்டி முடித்தபின் எடை போட்டு மறுபடி பார்ப்பது வழக்கம். இதற்கெல்லாம் ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

மோட்டார் பெயரிலேயே ஜாதகம்

எச்128-14 என்று ஒரு மோட்டாரில் எழுதியிருந்தால், எச் வகை, சராசரி உந்துவிசை 128 நியூட்டன், எரிந்து முடிந்த 14 நொடிக்குப் பிறகு பாராசூட்டைத் தள்ளும் வெடிமருந்து பற்றும் என்று அர்த்தம். 128 நியூட்டன் என்பது சுமார் 13 கிலோ எடைக்குச் சமம். புறப்படும்போது ராக்கெட்டின் எடை உந்துவிசையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆக, 4.3 கிலோதான் எல்லை. அனுபவசாலிகள் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2.6 கிலோவோடு நிறுத்திக்கொள்வார்கள். மெதுவாகக் கிளம்பும் ராக்கெட்டின் ஃபின்களில் போதுமான காற்று படாது. ஏவு தண்டவாளத்தை விட்டு வெளியேறியதுமே காற்று வரும் திசையில் சாய்ந்துவிடும்.

இறங்குவதுதான் கஷ்டம்

1,500 மீட்டர் உயரத்தில் பெரிய பாராசூட் விரிகிறது, நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொட 250 நொடி ஆகும். காற்று நொடிக்கு 5 மீட்டர் வீசினால், ராக்கெட் ஒன்றேகால் கிலோமீட்டர் தள்ளி, யாரோ ஒருவர் வயலில் கிடக்கும்.

அதனால்தான் உயரமாகப் போகும் ராக்கெட்டுகளில் இரண்டு கட்ட இறக்கம். உச்சியில் சின்ன பாராசூட் மட்டும் விரியும். நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் விறுவிறுவென்று கீழே வந்து, 150 மீட்டர் உயரத்தில் பெரியது விரியும். மொத்தம் 80 நொடிக்குள் முடிந்துவிடும், விலகல் 400 மீட்டர்தான். காற்றழுத்தத்தைப் பார்த்து உயரம் கணிக்கும் ஆல்டிமீட்டர் என்ற சின்ன எலெக்ட்ரானிக் பலகைதான் இந்த முடிவை எடுக்கிறது. அது இருக்கும் அறைக்குக் காற்றுத் துளை சரியாகப் போடவில்லை என்றால் உயரம் தப்பாகத் தெரியும், பாராசூட் தப்பான நேரத்தில் வெளியே வரும். வேகமாகப் போகும்போது விரிந்தால், நாடா இழுத்த இழுப்பில் அட்டைக் குழாய் நீளவாக்கில் கிழியும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஜிப்பர்'.

2009 ஏப்ரலில் ஸ்டீவ் ஈவ்ஸ் என்ற அமெரிக்கர், சாட்டர்ன் 5 ராக்கெட்டின் பத்தில் ஒரு பங்கு மாதிரியை மேரிலாந்தில் ஒரு பண்ணையில் பறக்கவிட்டார். 36 அடி உயரம், சுமார் 750 கிலோ எடை. 4,400 அடிக்கு மேல் போனது. அதைவிடப் பெரிய விஷயம், அவ்வளவு எடையும் பாராசூட்டுகளில் பத்திரமாக இறங்கியது.

விதிகள் யார் போட்டது?

1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும், அமெரிக்கச் சிறுவர்கள் பலர் வீட்டிலேயே ரசாயனம் கலந்து ராக்கெட் செய்யக் கிளம்பினார்கள். கைவிரல் போனவர்களும் உண்டு, உயிர் போனவர்களும் உண்டு. அதற்கு மூன்று வருடம் முன்பே நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், ஆலையில் செய்த மோட்டாரை அட்டை ராக்கெட்டில் செருகும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். ஏவுதளப் பொறியாளர் ஹாரி ஸ்டைன் அதோடு ஒரு பாதுகாப்பு விதித்தொகுப்பையும் சேர்த்தார். மோட்டாரை நீ செய்யாதே, ராக்கெட்டை மட்டும் செய் என்பதுதான் அதன் சாரம். தீக்குச்சி கூடாது, மின் பொத்தான்தான். பற்றாவிட்டால் 60 நொடி யாரும் பக்கத்தில் போகக் கூடாது. காற்று மணிக்கு 32 கி.மீ. தாண்டினால் விடக் கூடாது. எச் மோட்டாருக்கு 100 அடி தள்ளி நிற்க வேண்டும், எம் மோட்டாருக்கு 500 அடி. வான்வெளிக்கு விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

இப்படிக் கறாராக இருந்தது பின்னால் கைகொடுத்தது. இந்த மோட்டார்களில் இருப்பது அம்மோனியம் பெர்குளோரேட் கலந்த ரப்பர் போன்ற திட எரிபொருள். இஸ்ரோவின் பிஎஸ்எல்வி முதல் கட்டத்தில் எரிவதும் இதே குடும்பம்தான். அதை வெடிபொருள் பட்டியலில் வைத்திருந்த அமெரிக்க அரசுத் துறைமீது இரண்டு ராக்கெட் சங்கங்கள் 2000-ல் வழக்குப் போட்டன. இது எரியும், வெடிக்காது என்று அளவீடுகளோடு வாதாடின. 2009 மார்ச்சில் வாஷிங்டன் நீதிமன்றம் அதைப் பட்டியலில் வைத்த முடிவை ரத்து செய்தது. பொழுதுபோக்குக்காரர்கள் ஒன்பது வருடம் அரசோடு மல்லுக்கட்டி ஜெயிப்பது சாதாரணம் இல்லை.

இங்கே முடியுமா?

சான்றிதழைக் காட்டி எச் மோட்டார் வாங்கிவரும் ஏற்பாடு இந்தியாவில் இல்லை. உரிமம் இல்லாமல் வெடிபொருள் தயாரிப்பது 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம். யூடியூப் பார்த்துச் சர்க்கரையும் உரமும் கலந்து மொட்டைமாடியில் பரிசோதிப்பவர்கள், அமெரிக்கா 1957-ல் செய்த தப்பைத்தான் திரும்பச் செய்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் திருவிடந்தையிலிருந்து 2024 ஆகஸ்ட்டில் ரூமி-1 என்ற ஹைபிரிட் ராக்கெட்டைத் தனியார் நிறுவனம் ஒன்றால் ஏவ முடிந்திருக்கிறது. ஆனால், கல்லூரி மாணவர் ஒருவர் லெவல் 1-ல் தொடங்கிப் படிப்படியாக ஏறுவதற்கான ஏணி இன்னும் போடப்படவில்லை. ஆலையில் செய்து சோதித்த மோட்டார், 18 வயது வரம்பு, ஊருக்கு வெளியே ஒரு மைதானம், கையெழுத்துப் போட ஒரு பாதுகாப்பு அதிகாரி. பட்டாசுக்கு உரிமம் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு இது முடியாத காரியம் இல்லை.