முயலின் குலம் கேட்போருக்கு

பிள்ளைகள் வளர்ந்து விளையாட்டில் நாட்டம் குறைந்ததாலோ, வேற்றூருக்கு மாற்றலாகிச் செல்வதாலோ ஒரு குடும்பம் தான் வளர்த்த முயலை அடுத்த வீட்டாரிடம் விட்டுச் செல்வதுண்டு. அவ்வாறு வந்து சேர்ந்த முயலைக் கண்டதும் வருவோர் போவோரெல்லாம் கேட்கும் முதற் கேள்வி, "இது என்ன சாதி?" என்பதே. மனிதரிடம் கேட்டால் நாம் முகம் சுளிக்க வேண்டிய அக்கேள்வியை முயலைக் குறித்துக் கேட்பதில் குற்றமில்லை. விடை கிடைப்பதுதான் அரிது.

தாய் தந்தை இன்னவை என்று தெரியாத முயலின் இனத்தைத் தோற்றத்தை மட்டும் கொண்டு அறுதியிட்டுக் கூற எவராலும் இயலாது. ஆயினும் அதன் உடலை ஊன்றி நோக்குவோமாயின் முன்னோரைப் பற்றிய சில குறிப்புகள் கிடைக்கும். அதற்கு எத்தகைய கூடும் தீனியும் பாதுகாப்பும் வேண்டும் என்பதும் அதனாலேயே தெரியவரும். பெயர் தெரியாமற் போனால் முயலுக்கு நட்டமில்லை. இது தெரியாமற் போனால் உயிருக்கே கேடு.

முதலில் நோக்க வேண்டியது எடை. நெதர்லாந்துக் குள்ள முயல் முழு வளர்ச்சி அடைந்த பின்னும் ஏறத்தாழ 1 கிலோதான் இருக்கும். டச்சு முயல் 2 முதல் 2.5 கிலோ வரையிலும், நியூசிலாந்து வெள்ளை 4 முதல் 5 கிலோ வரையிலும் வளரும். பிளெமிஷ் ஜயன்ட் என்னும் பெருமுயல் 6 கிலோவையும் தாண்டும். குள்ள முயல் என்று சொல்லி விற்கப்படுவது பெரிய இனத்தின் ஒரு மாதக் குட்டியாக இருந்துவிடுவதும் உண்டு. ஆறு மாதங் கழித்து, கூண்டில் திரும்பவும் இடமின்றி அது தவிக்கும்போதுதான் உண்மை புலப்படும். பெரிய இனங்கள் ஓராண்டு வரையிலும் வளர்வன; ஆதலின் குட்டியைக் கண்டு அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறலாகாது.

நிறத்தைப் போல் ஏமாற்றுவது வேறில்லை. வெள்ளை உரோமமும் சிவந்த கண்ணும் கண்டவுடன் "நியூசிலாந்து வெள்ளை" என்று சொல்லிவிடுகிறோம். (அவ்வினம் உருவானது அமெரிக்காவில் என்பது வேறு செய்தி.) அவ்வெண்மை உண்மையில் நிறமின்மையே ஆகும். பிற நிறங்களுக்குரிய மரபுக்கூறுகள் அதனடியில் மறைந்து கிடக்கின்றன. அதனாலேயே வெள்ளைத் தாயொன்று பழுப்புக் குட்டிகளை ஈன்று வீட்டாரை வியப்பில் ஆழ்த்துவதும், நிறமுள்ள இரண்டுக்கு வெள்ளைக் குட்டி பிறப்பதும் நேர்கின்றன.

உடல் வெளுத்து, மூக்கும் காதும் காலும் வாலும் மட்டும் கறுத்திருப்பின், இமாலய முயலுக்குரிய மரபுக்கூறு அதில் உண்டென்று துணிந்து கூறலாம். கலிபோர்னிய இனத்திலும் இவ்வமைப்பே காணப்படும். கருநிறத்தை ஆக்கும் நொதி குளிர்ந்த இடத்தில்தான் வேலை செய்யும். உடலின் நுனிகள் குளிர்ந்திருப்பதால் அவை மட்டும் கறுக்கின்றன. ஆதலின் ஒரே முயல் கொடைக்கானலில் நன்கு கறுத்தும், மதுரையில் சற்றே வெளிறியும் தோன்றலாம். நெற்றியில் வெள்ளைக் கோடும் கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டையும் டச்சு முயலின் அடையாளங்கள் என்பர். ஆனால் நீலக்கண் கொண்ட வியன்னா வெள்ளை முயலின் கலப்பும் ஏறக்குறைய இதே கோலத்தை வரைந்து காட்டும்!

முயல் சாம்பல் நிறமாயின், அதன் உரோமத்தை வாயால் மெல்ல ஊதிப் பாருங்கள். உரோமம் விலகி வளையம் வளையமாகப் பல நிறங்கள் தெரியும். இடைவளையம் மஞ்சள் கலந்த பழுப்பாயின், அது ஆதி முயலின் நிறம். அதுவே முத்துப்போல் வெளுத்திருந்தால் சின்சில்லாவின் வழி எனலாம். கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில், மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் சோவியத் சின்சில்லாவையும் வெள்ளை ஜயன்டையும் வளர்த்து வருகிறது. நம் பக்கத்துக் கலப்பு முயல்கள் சிலவற்றில் அவற்றின் இரத்தம் ஓடக்கூடும்.

பழுப்பு முயலைக் காட்டி, "இது காட்டு முயல் கலப்பு" என்று பெருமை பேசுவோரும் உளர். தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பாரிடம் வாதிட்டுப் பயனில்லை. எனினும் நம் காடு கழனிகளில் ஓடும் கரும்பிடரி முயல் வேறு பேரினத்தைச் சேர்ந்தது. அதற்கு 48 குரோமோசோம்கள். ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்த வளர்ப்பு முயலுக்கோ 44. இரண்டும் கலந்து குட்டி ஈனுவதில்லை. காட்டு முயற்குட்டி உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வளர்ப்பு முயற்குட்டி வெற்றுடம்பும் மூடிய கண்ணுமாய்ப் பிறக்கும். வயல் வரப்பில் கண்டெடுத்த குட்டியை வீட்டில் வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். வனத்துறையினருக்குத் தெரிவிப்பதே முறை.

தூய இனம் என்று போற்றப்படுவதன் கதையும் கலப்பில்தான் தொடங்குகிறது. இமாலயம், சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை ஆகிய மூன்றையும் கலந்து 1920-களில் உருவாக்கியதே கலிபோர்னிய இனம். முயல் வளர்ப்பைப் பற்றிப் பழங்கதை ஒன்றும் உண்டு. ஏறத்தாழ 600-ஆம் ஆண்டில் பாப்பரசர் பெரிய கிரகோரியார் இளம் முயற்குட்டி இறைச்சியாகாது என்று விதித்தாராம். தவக்காலத்தில் உண்பதற்கென மடத்துத் துறவியர் முயலைப் பழக்கினராம். அத்தகைய ஆணை எதுவுமில்லை என்றும், தூர் நகர ஆயர் கிரகோரியாரின் குறிப்பொன்று பெயர் மயக்கத்தால் திரிந்தது என்றும் 2018-இல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது. முயல்களின் குலவரலாறு மட்டுமன்று, அவற்றை வளர்த்தோர் வரலாறும் கலங்கியே கிடக்கிறது.

இனி, உடல் சொல்லும் தேவைகளைக் காண்போம். முகம் தட்டையாய்க் குறுகியிருப்பின் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நீண்டுவிடும். மாதந்தோறும் வாயைப் பார்க்க வேண்டும். உரோமம் பஞ்சுபோல் நீண்டிருந்தால் அங்கோராக் கலப்பு எனலாம். சிக்கெடுத்தும் கத்தரித்தும் விடாவிடில் சமவெளிக் கோடையை அது தாங்காது. எவ்வகை முயலாயினும் வெப்பம் 30 பாகையைக் கடந்தால் நிழலும் காற்றும் குளிர்ந்த நீரும் கட்டாயம் வேண்டும். உடல் பருத்ததற்கும், வெல்வெட்டுப் போன்ற உரோமமுடைய ரெக்ஸ் வழியினதற்கும் கம்பித் தளத்தில் உள்ளங்கால் புண்ணாகும். பலகையோ சாக்கோ விரித்து விடுக. தீனியில் பெரும்பங்கு புல்லாகவே இருத்தல் நலம். அறுகும் வேலிமசாலும் எளிதில் கிடைப்பவை. காரட் எப்போதாவது ஒரு துண்டு போதும்.

நோயுற்ற முயலைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லும்போது அவர் கேட்பது அதன் எடையும் வயதும் பற்றியே. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. வாய்வழி கொடுக்கும் பெனிசிலின் முயலின் குடலைக் கெடுத்துக் கொல்லக்கூடும். ஆதலால் வீட்டிலுள்ள மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வழக்கம் வேண்டா. மளிகைக் கடைத் தராசில் மாதம் ஒருமுறை நிறுத்து, நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.