துணிக்கடையில் தேடிய இல்லறம்

செசில் பி. டிமில் இயக்கி 1920-இல் வெளிவந்த அமெரிக்க மௌனப்படம் 'மனைவியை ஏன் மாற்ற வேண்டும்?'. பிரிந்த கணவனும் மனைவியும் மீண்டும் இணைவதில் கதை முடிவதால், இது மணவாழ்வின் மாண்பை உயர்த்தும் படமே என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

கதையைப் பாருங்கள். செல்வன் ராபர்ட்டுக்கு மனைவி பெத்திடம் சலிப்பு. மூக்குக்கண்ணாடியும் நல்ல நூல்களுமாக அவள் வாழ்கிறாள். அவன் வாங்கிவந்த மெல்லிய ஆடையை உடுத்த நாணுகிறாள். இதுவே அவள் செய்த குற்றம்! கடையில் அவ்வாடையை அணிந்து காட்டிய சாலியின்பால் அவன் மனம் சாய்கிறது. மணமுறிவும் மறுமணமும் தொடர்கின்றன. தன் எளிய கோலத்தைப் பிறர் எள்ளுவதைத் துணிக்கடையில் கேட்க நேர்ந்த பெத், பகட்டான புத்தாடைகளை வாங்கிக் குவிக்கிறாள். உல்லாச விடுதியொன்றில் அவளைக் கண்ட முன்னாள் கணவன் மீண்டும் மயங்குகிறான்.

1919-இல் டிமில் தந்த 'கணவனை மாற்றாதே' படத்திலும் இதே மருந்துதான். வெங்காய வாடையும் தொந்தியுமாய் இருந்த கணவன் மீசை மழித்து, மேனி மெலிந்து, மிடுக்காய் உடுத்துகிறான். இரண்டாம் கணவனிடம் ஏமாந்த மனைவி அவனிடம் திரும்புகிறாள். இரு படங்களிலும் கோலம் மாறுகிறது. உள்ளம் மாறியதா?

உண்மை இல்லறத்தைக் காட்டும் வாய்ப்பு டிமிலின் கைக்கெட்டியே இருந்தது. வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்து படுகாயமுற்ற ராபர்ட்டைப் பெத் தன் வீட்டில் கிடத்திப் பேணுகிறாள். நோயிலும் உடனிருப்பேன் என்று மணநாளில் தந்த வாக்கு அங்கே உயிர் பெறுகிறது. கைவிட்டவனையும் கைவிடாத அந்த அன்பில் அன்றோ படம் நிறைவுற்றிருக்க வேண்டும்? அதை விடுத்து, மனைவி காதலியின் கோலம் பூணக் கற்க வேண்டும் என்ற அறிவுரையோடு திரை விழுகிறது. இரண்டாம் மனைவி சாலியோ, சீவனாம்சம் பற்றிய ஒரு கேலியோடு கதையிலிருந்து கழற்றிவிடப்படுகிறாள். அவளும் ஒரு பெண்ணல்லவா?

துணிக்கடைக்குப் போக வழியற்ற ஏழை மனைவிக்கு இப்படம் என்ன சொல்லும்? செல்வச் சீமாட்டிக்கும் ஒருநாள் தோல் சுருங்கும், தலை நரைக்கும். அன்று ராபர்ட் எந்தக் கடைவாசலில் நிற்பான்?

மணமுறிவைத் திரையில் காட்டியது பிழையென்று நாம் கூறவில்லை. முறிந்த மணம் மீண்டும் ஒட்ட மன்னிப்புத் தேவையில்லை, மாற்றுடை போதும் என்று காட்டியதே பெரும்பிழை என்கிறோம்.