பாதி வீட்டுக்காரனுக்கு முழுச் சுமையா?



ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையிலே இருப்பது உத்தனப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க் கடையிலே ஒலிக்கும் ஊர். ரோஜாவும் தக்காளியும் விளையும் வட்டாரத்திலே இன்று தொழிற்சாலைகளும் எழுந்து நிற்கின்றன. இரவு வேலை முடித்து வந்த தொழிலாளத் தோழர் ஒருவர் அந்தக் கடையிலே என்னைக் கேட்டார்:

"அண்ணே! மாதாமாதம் வீட்டுக்குத் தவணை கட்டுகிறேன். பராமரிப்புப் பணமும் கட்டுகிறேன். குழாய் உடைந்தால், 'வீடு உன்னுடையது, நீயே சரி செய்துகொள்' என்கிறார்கள். பத்திரம் கேட்டால், 'பாக்கி இருக்கிறது, வீடு இன்னும் உன்னுடையதல்ல' என்கிறார்கள். அப்படியானால் நான் யார்? வீட்டுக்காரனா, குடித்தனக்காரனா?"

தேநீர் ஆறிவிட்டது. கேள்வி மட்டும் ஆறவில்லை!

தவணை முறை என்றால் என்ன? கடைசித் தவணை தீர்ந்து கிரயப் பத்திரம் கைக்கு வரும்வரை சொந்தம் கொடுத்தவரிடம்; சுமை எடுத்தவரிடம். வீடு ஒதுக்கும்போது சொல்வது தற்காலிக விலை. நிலம் கொடுத்தவர்கள் வழக்காடிக் கூடுதல் இழப்பீடு பெற்றால், அந்தத் தொகையும் இறுதி விலையிலே ஏறுகிறது. தவணை தவறினால் அபராத வட்டி. வட்டித் தள்ளுபடியைப் பலமுறை அறிவிக்க வேண்டி வந்ததே, எதனால்? வட்டி அசலை விழுங்கும் அளவுக்கு வளர்ந்ததனால் அல்லவா?

ஓசூரிலே 'அட்கோ' என்றால் எல்லோருக்கும் தெரியும். அது 1970இல் மத்திய அரசு தொடங்கிய வீட்டுக்கடன் நிறுவனமான ஹட்கோவின் பெயர். கடன் கொடுத்தவர் பெயரே குடியிருப்பின் பெயராகி நிலைத்துவிட்டது! கடனைச் சுமந்தவன் பெயர் எந்தப் பலகையிலே இருக்கிறது?

திட்டம் தீது என்று நாம் சொல்லவில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டுவசதி வாரியம் அமைந்தது. 1970இலே, கலைஞர் ஆட்சியிலே, குடிசை மாற்று வாரியம் பிறந்தது. ஓலைக் குடிசையிலே நெருப்புக்கு அஞ்சி உறங்கியவனுக்குக் காரை வீடு தந்த அந்த வரலாறு பெருமைக்குரியது. பெருமை பேசுகிற வாய்க்குத்தான் குறையைச் சுட்டும் கடமையும் உண்டு.

சீமையைப் பார்ப்போம். இங்கிலாந்திலே 'பங்கு உரிமை வீடு' என்றொரு முறை இருக்கிறது. கால் பங்கை வாங்கலாம். மீதி முக்கால் பங்குக்கு வாடகை கட்ட வேண்டும். ஆனால் கட்டடப் பராமரிப்புக் கட்டணம் மட்டும் கால் பங்கல்ல, முழுப் பங்கு! உரிமை கால், செலவு முழுசு! வாடகை ஏறிக்கொண்டே போகிறது; பராமரிப்புக் கட்டணத்துக்கோ உச்சவரம்பே இல்லை; பலருக்கு இது தாங்க முடியாத நிலை என்று அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவே 2024 மார்ச்சிலே அறிக்கை தந்தது. 2021இல் வந்த புதிய முறையிலே, புதிதாகக் கட்டிய வீடுகளின் கட்டுமானப் பழுதுகளுக்கு முதல் 10 ஆண்டுகள் கட்டட உரிமையாளரே பொறுப்பு என்று ஓரளவு திருத்தினார்கள். ஆண்ட நாடே தவற்றைத் திருத்துகிறது, நாம் தயங்கலாமா?

"விளக்கு எரிய, தண்ணீர் மேலேற, மின்தூக்கி ஓடக் காசு வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும், தருகிறோம். தருவதிலே தகராறில்லை. தந்த பணம் எங்கே போயிற்று என்பதிலேதான் தகராறு. 'பேரு பெத்த பேரு, தாக நீலு லேது' என்று நம் எல்லைப்புறத்துத் தோழர் சொல்வார். பராமரிப்பு என்று பெரிய பெயர். தொட்டியிலே தண்ணீர் இல்லை!

குடிசை மாற்று வாரியம் 2021இலே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று. 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்று குடியிருப்போர் சங்கங்களையும் அமைத்தது. நல்ல முழக்கம். பொறுப்பு நம்முடையது என்றால் கணக்கும் நம்முடையதாக வேண்டாமா?

ஆகவே கேட்கிறோம். இறுதி விலை எந்த அளவுக்கு மேல் ஏறாது என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். கட்டிய தவணையிலே அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று ஆண்டுதோறும் காட்டுங்கள். பராமரிப்பு வரவு செலவைப் படிக்கட்டுச் சுவரிலே ஒட்டுங்கள். பத்திரம் கொடுக்கும் நாள்வரை சுவர் வெடிப்புக்கும் கூரைக் கசிவுக்கும் சொந்தக்காரரே பொறுப்பேற்கட்டும்.

தோழர்களே, கட்டமாட்டோம் என்று முரண்டு பிடிக்காதீர்கள். அபராத வட்டிக்கு அதுவே வாசல். ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். அரசு வாரிய வீடு என்றால், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்திலே கணக்கைக் கேளுங்கள். தனியார் அடுக்ககம் என்றால், 2024இல் நடைமுறைக்கு வந்த அடுக்கக உரிமைச் சட்டத்தின்படி சங்கம் அமைத்துக் கேளுங்கள். தனியே போனால் அது மனு. திரண்டு போனால் அது கோரிக்கை.

தேநீர்க் கடைத் தோழருக்கு என் பதில் இதுதான்: நீ வீட்டுக்காரனும் அல்ல, குடித்தனக்காரனும் அல்ல என்று பிறர் சொல்லலாம். நீ கணக்குக் கேட்க உரிமையுள்ளவன். அந்த உரிமைக்குத் தவணை கிடையாது!